'ஒருவர்' வந்தார் என்றால் வழுவில்லை, 'தே' என்றால் மட்டும் வழுவா?

ஆங்கில ஆய்வேட்டில் தகவலாளர் ஒருவரை 'தே' என்று சுட்டினால், அதைச் சிவப்பு மையால் அடித்து 'ஹீ' என்று திருத்தும் நெறியாளர்கள் இன்றும் உள்ளனர். ஒருமைப் பெயரைப் பன்மையால் சுட்டுவது வழு என்பது அவர்களது வாதம். அதே நெறியாளர் அறையை விட்டு வெளியே வந்ததும் "துணைவேந்தர் வந்துவிட்டாரா?" என்றே வினவுவார். அவ்வினையின் 'ஆர்' ஈறு பலர்பாலுக்கு உரியதென்பது அப்போது அவர் நினைவுக்கு வருவதில்லை.

பெங்களூரு ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டல் நகர் என்றும் பெயருண்டு; 1894இல் கன்னட-ஆங்கில அகராதியை வெளியிட்ட ஃபெர்டினாண்ட் கிட்டலின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. அங்கு ஒரே ஆளைத் தமிழர் 'அவர்' என்பர், கன்னடர் 'அவரு' என்பர். அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பில் மட்டும் இவ்வழக்கம் குற்றமாகக் கற்பிக்கப்படுகிறது.

ஆங்கிலத்துக்கே இது புதிதன்று. 14ஆம் நூற்றாண்டு முதல் எழுத்துச் சான்று உண்டு. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் இவ்வாறு எழுதியவர்களே. தடை பிந்தியது, 18ஆம் நூற்றாண்டு இலக்கணிகளின் கைவேலை. 'யூ' என்பதும் ஒருகாலத்தில் பன்மைதான். ஒருவரிடம் அதை வழங்கலாகாதென்று ஜார்ஜ் ஃபாக்ஸ் 1660இல் தனி நூலே வெளியிட்டார். தோற்றார்.

தொல்காப்பியரைத் துணைக்கழைப்போரும் உண்டு. ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் அமைந்த உயர்சொல்லே, இலக்கண நெறியன்று என்று அவர் கிளவியாக்கத்தில் கூறுவது உண்மை. ஆனால் பெயரியலில் 'ஒருவர்' என்னும் சொல் ஆண், பெண் இருபாற்கும் உரியது, பன்மை வினையையே ஏற்கும் என்று விதிப்பவரும் அவரே. ஆங்கிலத் 'தே'க்கு நிகர் இந்த 'ஒருவர்'தான், 'அவர்' அன்று. 'அவர்' தகுதி பார்த்து வழங்கப்படும் சொல். துணைவேந்தருக்குக் கிடைப்பது துப்புரவுப் பணியாளருக்குக் கிடைப்பதில்லை. 'ஒருவர்' அவ்வாறு ஆள் பார்ப்பதில்லை.

சட்டமோ பழைய தடத்திலேயே நிற்கிறது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு 'ஹீ' என்பதில் பெண்ணையும் அடக்கிற்று. நால்சா வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. அதற்குப் பின் வந்த 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதா, திருநரையும் அதே 'ஹீ'க்குள் சேர்த்துவிட்டு அமைந்தது. எவரையும் விலக்கவில்லை என்பதே அதன் சமாதானம். அப்படியானால் எல்லோரையும் 'ஷீ'யில் அடக்கியிருக்கலாமே!

ஆய்வேட்டில் இது வெறும் நடைச் சிக்கல் அன்று. சிறிய ஊரில், சிறிய தொழிற்குழுவில், தகவலாளரின் பெயரை மறைத்துப் பாலை வெளிப்படுத்தினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். தம்மை ஆணென்றோ பெண்ணென்றோ கூறாத ஒருவரை 'ஹீ' ஆக்குவது தரவைத் திரிப்பதாகும். ஏபிஏ கையேட்டின் 7ஆம் பதிப்பு 2019இலேயே ஒருமைத் 'தே'யை ஏற்றுவிட்டது. அந்நடையைக் கட்டாயமாக்கிய துறைகளிலும் சிவப்பு மை இன்னும் தீரவில்லை.