தொழிலும் நாமும்: தாளில் வரையாத பாலம்



நோர்வேக்கு வந்து சேர்ந்த எம்மவர் பலருக்குக் கட்டிட வேலையும் வீதி வேலையும் புதியவை அல்ல. ஊரில் மேசன் வேலை செய்தவர்கள், கம்பி கட்டியவர்கள், வீதிக்குத் தார் ஊற்றியவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். ஆனால் இங்குள்ள வேலைத்தளத்தில் மண்வெட்டிக்குப் பக்கத்தில் கணனியும் நிற்கிறது. அதைக் கண்டு ஒதுங்குவதா, பழகிக்கொள்வதா?

ஒஸ்லோவுக்கு வடமேற்கே, ஹோனபொஸ் நகருக்கு அண்மையில், றன்ட்செல்வா ஆற்றைக் கடக்கும் 634 மீற்றர் நீளமான பாலம் ஒன்று 2022இல் திறக்கப்பட்டது. காகித வரைபடம் இல்லாமலே இதைக் கட்டி முடித்தார்கள். பொறியியலாளர்கள் பாலம் முழுவதையும் முப்பரிமாண உருவமாகக் கணனியில் அமைத்தார்கள். கொங்கிறீற்றினுள் போகும் ஒவ்வொரு கம்பியும் அதில் இருந்தது. கம்பி கட்டுபவர் கையடக்கக் கணனியின் திரையில் ஒரு கம்பியைத் தொட்டால் அதன் தடிப்பு, நீளம், வளைவு எல்லாம் தெரியும். இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று முட்டுமானால், அதைக் கொங்கிறீற்று ஊற்றுமுன்னரே கண்டு திருத்தலாம்.

வீதி வேலையிலும் இதே கதைதான். முன்னர் நில அளவையாளர் முளை அடித்துக் கயிறு கட்டியபின்னரே மண் வெட்டத் தொடங்குவார்கள். இப்போது மண் வெட்டும் இயந்திரத்தின் மேல் செய்மதிச் சமிக்ஞையைப் பெறும் இரண்டு அன்ரனாக்கள் உண்டு. அதன் கையிலும் வாளியிலும் உணர்கருவிகள் உண்டு. இன்னும் எவ்வளவு ஆழம் வெட்டவேண்டும் என்பதைச் சாரதி சில சென்ரிமீற்றர் துல்லியத்தில் திரையில் பார்க்கிறார். உருளை இயந்திரமும் தான் உருளும்போதே நிலம் போதிய அளவு இறுகிவிட்டதா என்று அளந்து சொல்கிறது.

ஆனால் கணனி சொன்னதெல்லாம் வேதவாக்கு அல்ல. மாதிரியில் பிழை இருந்தால் இயந்திரம் அந்தப் பிழையையும் அப்படியே வெட்டிவைக்கும். நிலத்தடியில் மின் கம்பியோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்று தோண்டுமுன் விசாரிப்பது அவசியம். கொங்கிறீற்றின் பதத்தைப் பார்த்துச் சொல்லும் அனுபவசாலியின் கண்ணுக்கு இன்றும் மதிப்புண்டு. சாரதி திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாமல் போகலாம். அவர் உங்களைக் கண்டு கை காட்டும்வரை கிட்டப் போகாதீர்கள்.

புதிதாக வந்தவர்கள் கவனிக்கவேண்டியவை மூன்று.

முதலாவது, கட்டிட வேலைத்தளத்தில் வேலை செய்ய எச்.எம்.எஸ். அட்டை கட்டாயம். அதற்கு விண்ணப்பிக்கவேண்டியவர் உங்கள் முதலாளி. அட்டை எடுத்துத் தராமல் வேலைக்குக் கூப்பிடுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பதிவில்லாத வேலையில் அடிபட்டால் உங்கள் உரிமையை நிலைநாட்டப் பெரும்பாடு படவேண்டிவரும்.

இரண்டாவது, பாக்பிரேவ் எனும் தொழிற் சான்றிதழ். பிள்ளைகள் வழமையாக இரண்டு வருடம் பாடசாலையிலும் இரண்டு வருடம் தொழில் பயிலுநராகவும் இருந்து இதைப் பெறுவார்கள். கனரக இயந்திரம் ஓட்டுவதற்கும் இப்படியொரு படிப்பு உண்டு. பெரியவர்கள் ஐந்து வருட முழுநேர அனுபவத்தைக் காட்டிப் பரீட்சை எழுதலாம். ஊரில் செய்த வேலைக்குக் கடிதமோ சான்றோ இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். அது கணக்கில் எடுக்கப்படுமா என்று மாகாண நிர்வாகத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது, மொழி. திரையில் வரும் எச்சரிக்கையும் காலைக் கூட்டத்தில் சொல்லப்படும் பாதுகாப்பு விதியும் பெரும்பாலும் நோர்வேஜிய மொழியிலேயே இருக்கும். வேலை கிடைத்துவிட்டதென்று மொழி வகுப்பை விட்டுவிட வேண்டாம்.

“என்ரை பிள்ளை டொக்டராக வேணும்” என்று நினைக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இங்கே பாலம் கட்டுவது படிப்பில்லாதவர் செய்யும் வேலை அல்ல. பிள்ளைக்கு இயந்திரத்திலும் கணனியிலும் விருப்பமிருந்தால் தடுக்காதீர்கள்.