நாக்கின் தாய்நாடு

கடல் கடந்து போன மனிதன் எதை வேண்டுமானாலும் மாற்றிக் கொள்வான். வேஷ்டியை விட்டுக் கால்சட்டை மாட்டிக் கொள்வான். நாலைந்து வருஷத்தில் அந்த ஊர்ப் பாஷையிலே கனவுகூடக் காண்பான். ஆனால் அவன் வாய்க்குள்ளே இருக்கும் நாக்கு இருக்கிறதே, அது மட்டும் பிறந்த ஊர்ப் பிரஜா உரிமையை ஒருநாளும் விட்டுக் கொடுப்பதில்லை. எந்தச் சர்க்கார் எந்தப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தாலும் சரி, சாயங்காலமானால் அது ரஸத்தை நினைத்துக் கொள்கிறது.

இதற்கு மகாத்மா காந்தியே சாட்சி. 1888-ஆம் வருஷம் அவர் லண்டன் போய்ச் சேர்ந்தபோது, மாமிசம் தொடுவதில்லை என்று தாயாருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், உப்புச் சப்பில்லாத வேக வைத்த காய்கறி ஒரு பக்கம். தினம் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து, மலிவான கடைகளில் ரொட்டியை வயிறு நிறையத் தின்றும் திருப்தி ஏற்படவில்லை என்று சத்திய சோதனையில் சொல்கிறார். கடைசியில் பாரிங்டன் தெருவில் ஒரு சைவ போஜன சாலையைக் கண்டுபிடித்தார். வீட்டிலிருந்து தருவித்திருந்த தித்திப்புகளையும் மசாலாக்களையும் நாளடைவில் விட்டு விட்டார். நாக்கை வென்று விட்டார் என்று அர்த்தம். ஆனால், நேயர்களே, எல்லாரும் மகாத்மாவாக முடியுமா? மற்றவர்களுக்குக் கடை வேண்டும், கடைக்காரன் வேண்டும்.

நம் சேலம், நாமக்கல் பக்கத்துக் கதையையே எடுத்துக் கொள்வோம். காவிரிக் கரையிலும் மேட்டாங்காட்டிலும் பிழைப்பு ஓடாத குடும்பங்கள் கங்காணியின் பேச்சைக் கேட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்குப் போயின. திருச்சி, தஞ்சை ஜில்லாக்காரர்களும் கூடவே போனார்கள். 1938-இல் இந்திய சர்க்கார் தடுத்து நிறுத்தும் வரையில் இந்தக் கூலிப் பிரயாணம் நடந்தது. ரப்பர் மரம் பாலைக் கொடுக்கும், புளியைக் கொடுக்குமா? போனவர்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கைக் கொம்பு நட்டார்கள். கறிவேப்பிலைக் கன்று வைத்தார்கள். பயிராக்க முடியாத பண்டங்களுக்குத்தான் கடைக்காரரை எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

அந்தக் கடைக்காரர்களைப் பற்றிச் சரித்திரப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும். பினாங்கிலே தமிழ் முஸ்லிம்கள் ஒரு தடியின் இரு முனையிலும் சோற்றையும் குழம்பையும் கட்டித் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள். மலாய்ப் பாஷையில் சோற்றுக்கு ‘நாசி’ என்றும், காவுதடிக்குக் ‘கண்டார்’ என்றும் பெயர். இன்று ‘நாசி கண்டார்’ பினாங்கின் பெருமை; அதைச் சாப்பிடாமல் திரும்புகிற யாத்திரிகர் குறைவு. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை எடுத்துக் கொண்டால், மாட்டுக் கொட்டில்கள் இருந்த இடத்தின் ஞாபகமாக எருமைச் சாலை என்ற பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. மாடு இருந்தால் பால்; பால் இருந்தால் தயிர்; தயிர் இருந்தால் தமிழனுக்குப் பாதி ஊர் வந்து விட்டது! பிறகு மிளகாயும் மல்லியும் அரைத்துக் கொடுக்கும் மில்கள் வந்தன. 1924-இல் ஆனந்த பவனும், 1947-இல் கோமள விலாஸும் அந்த நகரத்தில் தோன்றின. இலை போட்டுச் சாம்பார் ஊற்றினார்கள். உறவினர் யாரும் இல்லாத ஊரிலே, “இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?” என்று தமிழில் கேட்க ஒரு மனிதன் இருந்தான் என்பது சாமானிய விஷயமா?

இந்த வியாபாரத்தினால் நம் பாஷைக்கும் லாபந்தான். மலாய்க்காரர் கடையைக் ‘கெடாய்’ என்கிறார்கள். ஆப்பம் அங்கே ‘அப்பாம்’, தோசை ‘தோசாய்’. ஆங்கிலேயருடைய அகராதியில் நமது மிளகுத் தண்ணீர் ‘முல்லிகட்டானி’ என்று வேஷம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ராஜ்யம் பிடிக்கப் போகாத சொற்கள் அடுப்படி வழியாகவே உலகத்தைச் சுற்றியிருக்கின்றன.

இக்காலத்தில் கப்பல் போய் விமானம் வந்து விட்டது. ஆனாலும் தேடல் முடிந்தபாடில்லை. அமெரிக்காவுக்குப் போகிற பெண்ணுக்குத் தாயார் பெட்டியில் கறிவேப்பிலைக் கொத்தை வைத்து அனுப்பினால், அங்கே சுங்கச் சாவடியில் எடுத்து எறிந்து விடுகிறார்கள். இதில் கோபப்பட நியாயமில்லை. கறிவேப்பிலையும் ஆரஞ்சு, எலுமிச்சையும் ஒரே குடும்பத்துச் செடிகள். அந்தத் தழையில் ஒட்டி வரும் சின்னஞ்சிறு பூச்சியொன்று ஆரஞ்சுத் தோட்டங்களையே அழிக்கும் நோயைப் பரப்பக் கூடியது. தாயின் அன்புக்கு நடுவே ஒரு பூச்சி வந்து நிற்கிறது, வேறென்ன சொல்ல?

இதுவரை சொன்னது இனிப்பான பக்கம். கசப்பான பக்கம் ஒன்று இருக்கிறது.

தாய்நாட்டுப் பண்டம் என்றால் புளியும் மிளகாயும் மட்டுமல்ல. கள்ளும் தாய்நாட்டுப் பண்டந்தான். மலாயாவில் தென்னை இருந்தது. பாளை சீவத் தெரிந்தவர்களும் இங்கிருந்தே போனார்கள். தோட்டத்திலே லைசென்ஸ் பெற்ற கள்ளுக்கடை. பட்டணத்திலே சர்க்கார் கள்ளுக்கடை. விசித்திரத்தைப் பாருங்கள்! முருங்கைக்காய்க்காக அலைய வேண்டியிருந்த தொழிலாளி, கள்ளுக்காக அலைய வேண்டியதே இல்லை. தோட்டத்துக்குள்ளேயே கடை திறந்திருந்தது. காலையில் துரை கொடுத்த கூலி சாயங்காலத்தில் கலயத்தின் வழியாகத் திரும்பிப் போயிற்று. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜியின் மந்திரி சபை இந்தியாவிலேயே முன்மாதிரியாக நமது சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டு வந்தது. இங்கே கடை மூடிய சமயத்தில், அதே ஜில்லாவிலிருந்து போன அண்ணனுக்கு அங்கே கடை திறந்தே கிடந்தது. 1947-இல் கெடா பகுதித் தோட்டங்களில் ஏ. எம். சாமி என்பவருடைய தலைமையில் தொழிலாளிகளே தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பினார்கள். சர்க்கார் போலீஸை ஏவி அந்த இயக்கத்தை அடக்கிற்று. தன் ஊர்ப் பண்டத்தையே வேண்டாமென்று சொல்ல அந்த ஏழைகளுக்கு எவ்வளவு நெஞ்சுரம் இருந்திருக்க வேண்டும்!

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். அந்நிய நாட்டில் இருப்பவன் வெறும் பண்டத்தை வாங்குவதில்லை, ஊரையே வாங்குகிறான். ஊர் ஞாபகத்தோடு வருகிறவன் விலை பேசமாட்டான். முகர்ந்து பார்த்துச் சந்தேகப்படவும் மாட்டான். அவனிடம் எதையும் விற்று விடலாம். ஆகையால், அவனுக்கு விற்கிறவனுக்கு மற்ற வியாபாரிகளைக் காட்டிலும் இரட்டிப்புப் பொறுப்பு உண்டு.

இது மலாயாவுக்கு மட்டும் சொன்ன உபதேசமல்ல. எங்கள் ஜேடர்பாளையத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காவிரியிலிருந்து ராஜ வாய்க்கால் பிரிகிற ஊர் இது. வாய்க்கால் தண்ணீரில் கரும்பு. கரும்பைச் சுற்றி ஆலைக்கொட்டகைகள். மாசி, பங்குனியில் கொப்பரை கொதிக்கிற வாசனையை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு ஊருக்கு வழி கண்டுபிடிக்கலாம். சிப்பம் முப்பது கிலோவாகக் கட்டிய வெல்லம் பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகிறது. அங்கிருந்து வெளியூர்களுக்குப் போகிறது. பொங்கல் சமயத்தில் வெளிநாட்டில் வசிக்கும் பழைய மாணாக்கர்கள், “ஸார், நம் ஊர் வெல்லம் கிடைக்குமா?” என்று எழுதிக் கேட்கிறார்கள்.

நம் ஊர் வெல்லம் என்றால் எது? கரும்புச் சாற்றைக் காய்ச்சி, சுண்ணாம்பிட்டு அழுக்கெடுத்து, கறுத்த பழுப்பு நிறத்தில் உருட்டிய வெல்லமா? அல்லது அஸ்காவைக் கொட்டிக் கரைத்து, ஹைட்ரோஸ் என்னும் ரஸாயனத்தைத் தூவி, எலுமிச்சம்பழம் போல் மினுக்கி எடுத்த வெல்லமா? உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் இந்த வட்டாரத்தில் கலப்பட மூட்டைகளைப் பிடித்த செய்தி பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கிறது. ஆலைக்காரரைக் கேட்டால், “வெளுப்பாக இருந்தால்தான் ஏலத்தில் விலை போகிறது, வாத்தியாரய்யா” என்கிறார். அவர் சொல்வதும் பொய்யல்ல. வெளுப்பைக் கேட்பவர்கள் நாம். கடையில் மஞ்சள் உருண்டையைக் கையில் எடுத்து, கறுப்பு உருண்டையைத் தள்ளி வைப்பவர்கள் நாம். ஆலைக்காரர் மேல் மட்டும் பழியைப் போட்டு விட்டு நாம் கை கழுவிக் கொள்ள முடியாது.

அதனால் இந்த வீட்டுப் பெண்மணிகளுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை வெல்லம் வாங்கும்போது கறுத்ததைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் தருவித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நாலு வீட்டார் கேட்டால் கடைக்காரர் ஏலத்தில் கேட்பார். ஏலத்தில் கேட்டால் கொப்பரையில் மாறும். அப்போதுதான் எங்கோ பனி பெய்கிற ஊரில், தை மாதம் முதல் தேதி, ஒரு குழந்தை வாயில் போட்டுக் கொள்ளும் முதல் கவளம் பொங்கல் உண்மையாகவே காவிரிக் கரையிலிருந்து வந்ததாக இருக்கும்.