சூப்பர்வைசர் எழுதும் மடல்

சித்தப்பாமார், அத்தைமார், அண்ணன் தம்பிகள், பாகூர் ஏரித் தண்ணீரில் வளர்ந்த எல்லாருக்கும் வணக்கம்.

நான் பிரான்சில் எந்தக் கம்பெனியிலும் சூப்பர்வைசர் இல்லை. ரூசியோன் பகுதியில், மோரி ஊர்ப்பக்கம், ஒரு குடும்பத்தின் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்கு வேலை பார்க்கிறேன். தம்பி மகன் நிச்சயதார்த்தத்தில் பெண்வீட்டார் கேட்டபோது, நான் வாய் திறக்குமுன் "கம்பெனியில சூப்பர்வைசரா இருக்கா" என்று சொன்னது யாரென்று இங்கே எழுதவில்லை, சொன்னவருக்குத் தெரியும். பந்தியில் பாயசம் ஊற்றும்போதுகூட "சூப்பர்வைசர் அம்மாவுக்கு இன்னொரு கரண்டி" என்றார்கள். அது இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

சொல்தா பென்ஷன், அதாவது பிரெஞ்சுப் பட்டாளக்காரருக்கு வரும் பென்ஷன் என்றால் நம் தெருவில் தனி மரியாதை. வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவரை எனக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. அவர் ஓய்வுபெற்று, பெர்ப்பிஞானில் குடியேறி, நான் கத்திரியைக் கையில் எடுத்ததும் "பிரான்சுக்குப் போயும் மண்ணைக் கிண்டணுமா?" என்று கேட்டீர்கள்.

கிண்டுகிறேன். அது என்ன மண் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கறுத்த அடுக்குப் பாறை. கடப்பாரை போட்டால் பலகை பலகையாகப் பெயர்ந்து வரும். பந்தல் கிடையாது, கம்பி கிடையாது. கிரனாஷ், கரிஞ்ஞான் கொடிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, குட்டையாகத் தடித்து நிற்கும். திரமோந்தான் என்ற வடமேற்குக் காற்று அடிக்கும் ஜனவரியில்தான் கவாத்து. கிளைக்கு இரண்டு கணு விட்டு மேலே வெட்ட வேண்டும். வெளிப்பக்கம் பார்க்கும் கணுவாகப் பார்த்து விட வேண்டும். உள்பக்கம் பார்ப்பதை விட்டால் குலைகள் நெருங்கி, காற்றுப் புகாமல் அழுகும். இந்த வருடக் காய்ப்பு, அடுத்த வருடக் கவாத்து இரண்டையும் மனதில் வைத்து ஒரே வெட்டு. முதலாளியம்மா எண்பதை நெருங்கியவர். தாத்தா நட்ட கரிஞ்ஞான் வரிசைகளை அவர் பெற்ற பிள்ளையைக்கூட நெடுநாள் தொட விட்டதில்லை. இப்போது அந்த வரிசைகள் என் பொறுப்பு. இதைப் பெண்வீட்டாரிடம் சொல்லியிருக்கலாமே?

மோரியின் பேர் இனிப்பு வைனில் இருக்கிறது. சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே 96 சதவீத ஆல்ககாலை ஊற்றி நொதிப்பை நிறுத்துவார்கள். பழத்தின் சர்க்கரை தங்கிவிடும். பிறகு பெரிய கண்ணாடிக் குடங்களில் ஊற்றித் திறந்தவெளியில், வெயிலிலும் பனியிலும், மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். ஆயா மொட்டைமாடியில் ஊறுகாய்ச் சாடிகளைக் காவல் காத்தது போலத்தான் இங்கேயும் காவல்.

விசேஷ நாளில் கவாத்துக் குச்சிகளை எரித்து, அந்தத் தணலில் நத்தை சுடுவார்கள். கர்கொலாத் என்று பெயர். முதலாளியம்மாவும் நானும் ஒரே தட்டியிலிருந்து எடுத்துத் தின்போம். வயல் நத்தை தின்கிறவர்களைப் பற்றி நம் தெருவில் என்ன பேசுவார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

சொல்தா சொல்தா என்கிறீர்களே, இந்தக் கதையையும் கேளுங்கள். 1907இல் கலப்பட வைனும் விலைச் சரிவும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களைத் தெருவில் நிறுத்தின. அர்ஜெலியே ஊர்க்காரர் மார்ஸ்லென் அல்பேர் பின்னால் ஊர் ஊராகத் திரண்டார்கள். ஜூன் 9 அன்று மொம்பெலியேவில் கூடியது பல லட்சம் பேர். நார்போன்னில் பட்டாளம் சுட்டு ஆட்கள் செத்தார்கள். அதைக் கேட்ட 17ஆம் படைப்பிரிவு, பெரும்பாலும் இதே ஊர்களின் பிள்ளைகள், கலகம் செய்து பெசியேவுக்கு நடந்தே வந்துவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் கலப்படத்துக்கு எதிராகச் சட்டம் வந்தது. மண்ணைக் கிண்டுகிறவனுக்காகச் சொல்தா மேலதிகாரியை எதிர்த்த சீமையில்தான் நான் இருக்கிறேன்.

இங்கே எல்லாம் செழிப்பு என்று சொல்ல வரவில்லை. 2022, 2023 வறட்சியில் ஆறே வற்றியது. வைன் குடிப்பது குறைந்துவிட்டது. கொடியைப் பிடுங்கினால் எக்டேருக்கு 4,000 யூரோ என்று அரசாங்கமே கொடுத்தது. பக்கத்துத் தோட்டக்காரர் வாங்கிக்கொண்டார். எந்திரம் வந்த அன்று அவர் வீட்டுப் பக்கம் யாரும் போகவில்லை. ஆனாலும் விளைநிலத்தை இங்கே நினைத்தபடி விற்றுவிட முடியாது. சாஃபேர் என்ற அமைப்புக்குத் தகவல் போக வேண்டும். குறுக்கே வந்து தானே வாங்கி, இன்னொரு விவசாயிக்குக் கொடுக்க அதற்கு உரிமை உண்டு. எல்லாப் பிள்ளைக்கும் சொத்தில் பங்கு என்பதால் நிலம் துண்டாகும் பயம் இவர்களுக்கும் உண்டு. அதற்காக 1970இல் ஒரு சட்டம் போட்டார்கள்: அண்ணன் தங்கைகள் சேர்ந்து நிலத்தைக் கூட்டாக வைத்துக்கொள்ளலாம், ஒருவர் பயிர் பார்க்கலாம். எங்கள் தோட்டம் நிற்பது அப்படித்தான். முதலாளியம்மாவின் தம்பி லியோனில் பல் டாக்டர்; அவர் பங்கு இங்கேயே கிடக்கிறது.

அங்கேயோ, எனக்கும் பங்குள்ள நம் வயலில் வாய்க்காலோரம் மனைக் கல் நட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை?

"விட்டுட்டுப் போனவளுக்கு என்ன பேச்சு" என்பீர்கள். போனவள்தான். அப்பா கடைசியாக நாற்று விட்ட வருடம் பணம்தான் அனுப்பினேன். ஆள் கிடைக்காமல் ராத்திரியில் அவரே மடை திறக்கப் போனதை போனில் கேட்டேன். அந்த வாரம் யாரோ ஒருவரின் தாத்தா நட்ட கொடிக்குக் குனிந்திருந்தேன். இருந்து பார்த்தவர்கள் நீங்கள். கடனும் உரவிலையும் உங்கள் தலையில்தான் விழுந்தன. அது தெரிந்தும்தான் எழுதுகிறேன்.

என் பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லும் விடுதலைப் பத்திரம் தபாலில் வந்தது. தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடப்போவதில்லை. என் பங்கைப் பணமாகவும் கேட்கவில்லை. அதில் நெல் போட யார் வந்தாலும் போடட்டும், நம் ஆளோ வெளியாளோ. எனக்குக் குத்தகை வேண்டாம், மோட்டார் பழுதானால் செலவு என்னுடையது. தம்பி, கோபத்தில் பேசாமல் இருந்துவிடாதே. பேசுவதென்றால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. மற்ற நாளில் கை வேலையில் இருக்கும், போன் எடுக்க முடியாது.