பகைவர்க்கிடையே ஒரு கம்பி

“ஒரு சொல் வெல்லும், ஒரு சொல் கொல்லும்” என்பர் நம் முன்னோர். தாமதமாக வந்து சேரும் சொல்லும் கொல்லக்கூடும் என்பதை உலகம் 1962ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் உணர்ந்தது.

கியூபாவில் சோவியத் யூனியன் அணு ஏவுகணைகளை நிறுவி வருவதை அமெரிக்கா கண்டறிந்தது. 13 நாட்கள் உலகமே நடுங்கிற்று. அப்போது மாஸ்கோவிலிருந்து குருஷேவ் அனுப்பிய நீண்ட கடிதம் கென்னடியின் கைக்கு முழுமையாகக் கிடைக்க ஏறத்தாழ 12 மணி நேரம் ஆயிற்று. வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் தோப்ரினினின் செய்திகளை வாங்கிச் செல்லத் தந்திப் பையன் சைக்கிளில் வருவானாம்! கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கோ அரை மணி நேரமே போதும். தாமதத்திற்கு அஞ்சிய குருஷேவ், ஏவுகணைகளைத் திரும்பப் பெறும் முடிவை மாஸ்கோ வானொலியிலேயே அறிவிக்கச் செய்தார்.

இதனால் பாடம் கற்ற இரு நாடுகளும் 1963 ஜூன் 20இல் ஜெனீவாவில் உடன்படிக்கை செய்துகொண்டன. அவ்வாண்டு ஆகஸ்ட் 30இல் நேரடித் தொடர்பு இயங்கத் தொடங்கிற்று. திரைப்படங்களில் காட்டுவது போல அது சிவப்புத் தொலைபேசி அன்று, டெலிபிரிண்டர். பேச்சில் வாய் தவறலாம், காது தவறலாம், கோபமும் கலக்கலாம். எழுத்திலோ, எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் சிந்திக்கச் சற்று அவகாசம் உண்டு.

இதன் பயன் 1967இல் தெரிந்தது. அரபு–இஸ்ரேல் போரின்போது, ஜூன் 8 அன்று ‘லிபர்டி’ என்ற அமெரிக்கக் கப்பல் இஸ்ரேலியப் படையால் தாக்கப்பட்டது. அதற்கு உதவ அமெரிக்க விமானங்கள் புறப்பட்டன. அவை போரில் இறங்கவே வருகின்றன என்று சோவியத் தலைவர்கள் எண்ணிவிட்டால் என்னாவது? ஜனாதிபதி ஜான்சன் உடனே பிரதமர் கோசிஜினுக்கு நேரடித் தொடர்பில் உண்மையைத் தெரிவித்தார். ஐயம் முளையிலேயே கிள்ளப்பட்டது.

“கம்பியால் போர் நின்றுவிடுமா?” எனச் சிலர் கேட்பர். நிற்காது. 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானிலிருந்து படைகளை விலக்குமாறு கார்ட்டர் இதே வழியில் பிரெஷ்னேவிடம் வற்புறுத்தினார், பயனில்லை. கம்பி சொல்லைக் கொண்டு சேர்க்குமேயன்றி மனத்தை மாற்றாது. ஆனால், மனம் மாறும் வேளையில் வழி திறந்திருக்க வேண்டுமன்றோ? 2025 மே 10 அன்று, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய இரு அணு ஆயுத நாடுகளின் இராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்கள் பிற்பகல் 3.35 மணிக்குத் தொலைபேசியில் பேசினர். மாலை 5 மணி முதல் சண்டையை நிறுத்த இசைந்தனர்.

பகைவனோடு பேசுவது கோழைத்தனம் என்பாரை என்னால் ஏற்க இயலவில்லை. நண்பர்க்குள் பேச ஆயிரம் வழியுண்டு. பகைவர்க்கே தனி வழி தேவை. வாஷிங்டனும் மாஸ்கோவும், செய்தி இல்லாத நாளிலும் மணிக்கொரு முறை சோதனைச் செய்தி அனுப்பி அவ்வழியைக் காத்தன. பகை தீர்ந்தபின் பேசலாம் என்று காத்திருந்தால், அணுயுகத்தில் பேச ஆளே மிஞ்சாது. வீடு தீப்பற்றிய பின் கிணறு வெட்டுவார் உண்டோ?