பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

வீட்டுப் பம்பு ஒழுக ஆரம்பிக்கிறது. மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்து, "ஸீல் போய்விட்டது, ஸார்!" என்கிறார். புது ஸீல் போடுகிறார். ஆறு மாதத்தில் மறுபடியும் அதே கதை. "இந்த ஆளுக்கு வேலை தெரியவில்லை" என்று நாம் தீர்ப்புச் சொல்லி விடுகிறோம். உண்மைக் குற்றவாளியோ பம்பாகவே இருக்கக்கூடும்!

'மெக்கானிகல் ஸீல்' என்பது இரண்டு வளையங்கள்தான். ஒன்று ஷாப்டுடன் சுழல்கிறது. மற்றொன்று அசையாமல் நிற்கிறது. சுருள்வில் ஒன்று இரண்டையும் நெருக்கிப் பிடிக்கிறது. நடுவே, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள ஜலப்படலம். அதுதான் வளையங்கள் உராய்ந்து தேயாமல் காக்கிறது. ஜலமின்றிப் பம்பை ஓட்டினால் ஸீல் கருகிப்போகும். அது நம் தவறு.

ஆனால் ஷாப்டு வளைந்து துடித்தால், அத்தனை மெல்லிய படலம் எப்படி நிலைக்கும்? தாங்கியைக் கடந்து ஷாப்டு எவ்வளவு நீண்டிருக்கிறதோ, அதன் மும்மடிக்கு ஏற்ப வளைவு கூடும். பருமனின் நான்மடிக்கு ஏற்பக் குறையும். 40 மில்லிமீட்டர் ஷாப்டை 48 ஆக்கினால் வளைவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எண்ணெய் ஆலைப் பம்புகளுக்குரிய ஏ.பி.ஐ. 610 என்னும் அமெரிக்க விதி, ஸீல் உள்ள இடத்தில் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஷாப்டு வளையலாகாது என்கிறது. அங்கே ஒழுகுவது ஜலமல்ல, பெட்ரோல்! ஒரு பொறி போதும்.

இன்னொரு சங்கதி. வால்வை மிகவும் மூடி ஓட்டினால், சுழல் சக்கரத்தைச் சுற்றியுள்ள அழுத்தம் சமமாயிராது; ஷாப்டை ஒரு பக்கமாகத் தள்ளும். பம்பின் கூட்டுக்குள் எதிரெதிராக இரட்டைச் சுருள்பாதை அமைத்தால் அந்தத் தள்ளல் பெரும்பாலும் சமனாகும். கயிறு திணிப்பதற்காக ஏற்பட்ட பழைய குறுகிய அறைக்குள் ஸீலைப் பொருத்தினாலோ, உஷ்ணமும் காற்றும் வெளியேற வழியின்றி அதை வாட்டும். அறை விசாலமாயிருந்தால் திரவம் சுழன்று குளிர்விக்கும்.

கோயமுத்தூரில் செய்த பம்புகள் நம் தேசமெங்கும் ஜலம் இறைக்கின்றன, பெருமைதான். அந்தப் பெருமை நிலைப்பது வாங்குகிறவர்கள் கையிலும் இருக்கிறது. குதிரைசக்தியையும் விலையையும் மாத்திரம் விசாரித்தால், இரும்பை மிச்சம் பிடித்து ஷாப்டை மெலியச் செய்கிறவனே சந்தையில் ஜயிப்பான். இனிமேல் ஷாப்டின் பருமனையும் ஒரு வார்த்தை கேளுங்கள். மெக்கானிக்கை வைவதற்கு முன்னாலும் கேளுங்கள்!