பிள்ளை பெற்றவளின் பயமும் நன்றியும்



போன மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு பத்து மணி இருக்கும். லயத்திலிருந்து ஒரு இளம்பெண் பன்னிரண்டு நாள் குழந்தையோடு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினாள். "ஐயா, பிள்ளை மூச்சு விட மாட்டேங்குது!"

கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 44. பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 தடவை மூச்சு விடும். நடுவில் ஐந்து விநாடி, பத்து விநாடிகூட நிறுத்திவிட்டு மறுபடி விடுவதும் உண்டு. குழந்தைக்கு ஒரு குறையுமில்லை. மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். மூன்றாம் நாள்தான் நான் குழந்தையை விட்டுத் தாயைப் பார்த்தேன். கண் உள்ளே போயிருந்தது. பிள்ளை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லையாம். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறதாம்.

கூட வந்த மாமியார், "எத்தனையோ பேர் பிள்ளை இல்லாம கோயில் கோயிலா அலையறாங்க. ஆண்டவன் கொடுத்ததுக்கு நன்றி இருக்கா இவளுக்கு?" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் தலையை ஆட்டி, "ஆமாம்மா, சந்தோஷமா இரு" என்றுதான் அனுப்பினேன். அழுதுகொண்டே போனாள்.

நான் செய்தது தப்பு. பிள்ளை பெற்ற மூன்றாம், நான்காம் நாள் அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானே அடங்கும். அடங்காமல் பயமே பிடித்துக்கொண்டால் அது நோய், நன்றிகெட்டதனம் அல்ல. ரத்தச் சோகையும் தைராய்டு கோளாறும்கூட இதே படபடப்பைக் கொடுக்கும். ரத்தம் சோதித்தால் தெரிந்துவிடும். காற்று கருப்பு என்று வேப்பிலை அடிப்பதை நான் தடுக்கவில்லை. கிளினிக்குக்குப் போய்விட்டு வந்து அடியுங்கள்.

அப்படியானால் நன்றி உணர்ச்சியால் பயனே இல்லையா? உண்டு. ஆனால் அதை மற்றவர் அவள் தலையில் சுமத்தக் கூடாது. 2003-இல் அமெரிக்காவில் எம்மன்ஸ், மெக்கல்லா என்ற இரு உளவியல் அறிஞர்கள், தமக்குக் கிடைத்த நன்மைகளை எழுதி வந்தவர்களின் மனநிலை மேம்பட்டதாகக் கண்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது பிள்ளை பெற்றவர்களை அல்ல. ஆனாலும் விஷயம் நமக்கும் உதவும்.

அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட்டு, "இன்னிக்கு யாரு உனக்கு என்ன செஞ்சாங்க?" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தாள். "பக்கத்து வீட்டக்கா சுறாப்புட்டு கொடுத்தாங்க. மத்தியானம் பிள்ளை மூணு மணி நேரம் தூங்கிச்சு." அவ்வளவுதான். ராத்திரி பால் கொடுக்கும்போது இதுமாதிரி ஒன்றிரண்டை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் தோன்றாத நாளில் விட்டுவிடலாம், அதற்காக ஒரு கவலை வேண்டாம். பயம் என்பது நாளைக்கு நடக்கப்போவதைப் பற்றியது. சுறாப்புட்டோ இன்றைக்கு நடந்தது. கொஞ்ச நேரமாவது மனசு இங்கே வந்து உட்காரும்.

பயம் ஓடிவிடவில்லை. ஆனால் சில வாரங்களில் அவள் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாள். கிளினிக்கில் ரத்தச் சோகை என்று இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

ஒன்றை மறக்காதீர்கள். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றுகிறது என்றாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ, நன்றியும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தனியே விடாதீர்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன.

வீட்டார் அவளிடம் நன்றியை எதிர்பார்ப்பது இருக்கட்டும், அவளுக்கு நன்றி சொன்னவர் யார்? 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்த கணவனுக்கும் சம்பளத்தோடு 7 நாள் உண்டு. தம்பிமார்களே, அந்த ஏழு நாளைக் கள்ளுக்கடையில் கழிக்காமல் ராத்திரியில் பிள்ளையை வாங்கிவைத்துக்கொண்டு அவளைத் தூங்க விடுங்கள். பேறுகாலத்துக்கு 30 நாளுக்கு முன்பே ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு நகலைக் கையில் வைத்திருங்கள்.