எழுவாய் இல்லாத அறிவிப்புகள்

உள்ளாட்சி அலுவலகங்கள் ஒட்டுகிற அறிவிப்புகளின் தமிழைப் பற்றி எழுதப் போகிறோம் என்று நண்பர் குழாமில் சொன்னபோது சிரித்தார்கள். "இலக்கியம் படிப்பவன் கவலைப்பட வேண்டிய விஷயமா இது?" என்றார் ஒருவர். ஒரு சிறுகதையில் கதைசொல்லி யார் என்பதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதக்கூடியவர் அவர். ஒரு கிழவியின் வீட்டுக்கு வந்த தாளில் பேசுவது யார் என்கிற கேள்வி அவருக்கு அற்பமாகப் பட்டது. அற்பமல்ல என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

கொங்கு நாட்டில் ஓர் ஊராட்சி, பெயர் வேண்டாம். நம் மாணவி ஒருத்தியின் பாட்டி அங்கே ஓட்டு வீட்டில் இருக்கிறார். ஒருமுறை போயிருந்தபோது, அரிசிப் பானைக்கடியில் பத்திரமாக வைத்திருந்த தாளொன்றை எடுத்து நீட்டினார். "ஏங்கண்ணு, நீங்க தமிழ் வாத்தியாருங்களாமே. இது குடுக்கறதுக்குங்களா, வாங்கறதுக்குங்களா?" என்று கேட்டார். தமிழில் முதுகலை படித்து, இருபதாண்டுக்குச் சற்றுக் குறைவாகப் பாடம் நடத்திவரும் நாம் அந்தத் தாளை மூன்று முறை படித்தோம். மூன்றாவது முறைதான் வாங்குவதற்கு என்று விளங்கியது. வீட்டு வரியைத் திருத்தியிருக்கிறார்கள். மாட்டுச் சாளையையும் வீட்டோடு சேர்த்து அளந்துவிட்டார்கள். ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்க நாள் கெடுவும் கொடுத்திருந்தார்கள். அந்தக் கெடு முடிந்து பதினோரு நாளாகியிருந்தது.

தாளில் இருந்த வாக்கியம் ஏறத்தாழ இவ்வகையைச் சேர்ந்தது: 'மேற்படி இனத்தில் நிர்ணயம் செய்யப்பட்டுள்ள தொகையினை உரிய காலக்கெடுவிற்குள் செலுத்தத் தவறும் பட்சத்தில் சட்டப்படியான மேல்நடவடிக்கை தொடரப்படும் என்பது இதன்மூலம் தெரிவித்துக் கொள்ளப்படுகிறது.' இலக்கண வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதி எழுவாய் எங்கே என்று கேட்டால் மாணவர்கள் விழிப்பார்கள். தொகையை நிர்ணயித்தவர் யார்? நடவடிக்கை தொடரப்போகிறவர் யார்? தெரிவித்துக்கொள்பவர் யார்? ஒருவரும் இல்லை. எல்லாம் தாமாகவே 'செய்யப்படுகின்றன'. செயப்பாட்டு வினை தமிழுக்குப் புதிதல்ல. ஆனால் செய்தவனை ஒளித்துவைப்பதற்கென்றே அதை வாழ்முறையாக்கிக்கொண்டது நம் அலுவலகத் தமிழ். எழுவாய் இல்லாத வாக்கியத்திடம் யார் போய் முறையிட முடியும்?

இதைத்தான் முதன்மையாகச் சொல்ல விரும்புகிறோம். இது நடைக் குறைபாடல்ல, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் ஏற்பாடு. அந்தத் தாளை இப்படி எழுதிப் பாருங்கள்: 'உங்கள் வீட்டின் அளவை இன்ன தேதியில் இன்ன அலுவலர் அளந்தார். இனி ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் கட்ட வேண்டும். அளவு தவறென்று நினைத்தால் இன்ன தேதிக்குள் இன்னாரிடம் சொல்லுங்கள்.' எழுதத் தொடங்கியதுமே ஓர் ஆள் தென்படுகிறார். அந்த ஆளிடம் பாட்டி போய் நிற்கலாம். அவர் தென்படக் கூடாது என்பதற்காகத்தான் 'தெரிவித்துக் கொள்ளப்படுகிறது'.

சட்டத் துல்லியம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். யார், எவ்வளவு, எப்போது என்று சொல்லாதது எந்த வகைத் துல்லியம்?

நம் மரபில் இப்படித்தான் இருந்ததா என்று பார்ப்போம். மணிமேகலை ஓர் ஊர் அறிவிப்போடுதான் தொடங்குகிறது. விழாவறை காதையில் முதுகுடிப் பிறந்தவன் முரசை யானையின் பிடரியில் ஏற்றி, 28 நாள் நடக்கவிருக்கும் இந்திர விழாவை அறிவிக்கிறான். முதலில் ஊரை வாழ்த்துகிறான். பிறகு வீதியில் பழைய மணலை நீக்கிப் புது மணல் பரப்பச் சொல்கிறான். பகைவரோடும் பூசலிடாமல் விலகிப் போகச் சொல்கிறான். எல்லாம் ஊராரை நோக்கி நேரே சொல்லும் ஏவல் வினைகள். சாத்தனார் காவியத்தில் வைத்த அந்த நகராட்சி அறிவிப்பைப் புரிந்துகொள்ளப் புகாரில் யாரும் வாத்தியாரைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

உத்திரமேரூருக்கு வருவோம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், குடவோலை விதிகளைச் சுவரில் பொறித்தார்கள். கணக்குக் காட்டாதவன் வாரியத்துக்கு வர முடியாது என்பது அவ்விதிகளில் ஒன்று. அது பிராமணர்களின் சபை. நிலமும் வேதமும் தகுதிகளாகக் கேட்கப்பட்டன. பெண்களுக்கும் உழைத்தவர்களுக்கும் அதில் இடமில்லை. மேடைதோறும் அதை மக்களாட்சியின் தொட்டில் என்று மார்தட்டுவது நமக்கு உவப்பானதல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சபையோர் பணிக்கத் தான் எழுதியதாக எழுதியவன் தன் பெயரையும் தன்மை ஒருமையில் கல்லில் வெட்டியிருக்கிறான். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய அறிவிப்பில் எழுவாய் இருக்கிறது. நம் பாட்டியின் தாளில் இருந்தது கிறுக்கல் ஒப்பமும் மங்கிய முத்திரையும்தான்.

யானை மேலிருந்த முரசு பிற்காலத்தில் ஒடுக்கப்பட்டவரின் கழுத்தில் தொங்கும் தமுக்காயிற்று. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு, தண்டோராவைக் கைவிட்டு ஒலிபெருக்கி பொருத்திய வாகனங்களைப் பயன்படுத்துமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். சரியான செயல். 'மரபுக் கலை போயிற்றே' என்று அப்போது புலம்பிய இலக்கிய அன்பர்களில் எவரும் ஒருநாள்கூட அந்தத் தமுக்கைத் தம் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்ததில்லை. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தண்டோரா போட்டவர் தெரு முக்கில் நிற்பார். புரியாதவர் திருப்பிக் கேட்கலாம். ஒலிப்பதிவை அலறவிட்டுக்கொண்டு ஓடுகிற ஆட்டோ நிற்பதில்லை. போக வேண்டிய இழிவு போகட்டும். பதில் சொல்லும் மனிதரும் சேர்ந்து போக வேண்டுமா?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதை நினைவூட்டுகிறோம். 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4 ஆவது பிரிவு, தகவல்களை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. அதையும் உள்ளூர் மொழியைக் கருதி, அந்தப் பகுதியில் நன்றாகச் சென்று சேரும் வழியில் செய்யச் சொல்கிறது. இது தில்லியில் உட்கார்ந்து யோசித்த வாசகம் மட்டுமன்று. 1994 டிசம்பரில் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் தன் முதல் பொது விசாரணையை நடத்தியது. கூலிப் பட்டியல்களை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். எழுத்தறியாதவர்களும் காதால் கேட்டுப் பொய்யைக் கண்டுபிடித்தார்கள். ஆக, குறை எப்போதும் கேட்பவரின் படிப்பில் இல்லை. ஆனால் நம்மூரில் உள்ளூர் மொழி என்றால் தமிழ் எழுத்தில் இருந்தால் போதும் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

சரவணம்பட்டியிலிருந்து இதை எழுதுகிறோம். 2011 வரை இது பேரூராட்சி. பிறகு கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2016 அக்டோபரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரித் தேர்தல் வரை ஐந்தாண்டுக்கு மேல் எமக்கு மாமன்ற உறுப்பினரே இல்லை. சாக்கடை பற்றிக் கேட்க எழுவாய் இல்லாத காலம் அது. ஊராட்சிகளுக்குக் கிராம சபை உண்டு; ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்கள் 2022 முதல் ஆறாயின. நகர வார்டுகளுக்கும் அதே ஆண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபை வந்தது. நல்லதே. ஆனால் கூட்டம் நடப்பதை ஊருக்குப் புரியச் சொல்லாவிட்டால், வருகைப் பதிவேட்டில்தான் சபை கூடும். கைபேசியில் அனுப்பிவிட்டோமே என்பது இப்போதைய சமாதானம். புரியாத தாளைப் படம்பிடித்து அனுப்பினால் அது புரியாத படமாகிறது, அவ்வளவே.

கடைசியாக நம்மவர்களிடம் வருகிறோம். ஆட்சிமொழிச் சட்டம் 1956 இல் வந்தது. நகராட்சி ஆணையராக இருந்த கீ. இராமலிங்கனார் போன்றோர் அலுவலகத்துக்குள் தமிழைக் கொண்டுவரப் பாடுபட்டார்கள். உள்ளே வந்த தமிழ் என்னவாயிற்று என்று பிறகு தமிழ்த்துறைகள் திரும்பிப் பார்த்தனவா? கலைச்சொல் சண்டை போட்டோம், ஒற்றுப் பிழைக்குச் சிவப்பு மை தீட்டினோம். தமிழ்நாட்டில் மிக அதிகமானோர் கையில் விழுகிற உரைநடை எது என்று கேட்டால் நாவல்களைச் சொல்வோம். அது வரி நோட்டீசு, ஐயா. அதை எழுதும் எழுத்தர் நம் வகுப்பில் உட்கார்ந்தவர். 'யாருக்கு எழுதுகிறாய்?' என்று அவரிடம் ஒருநாளும் கேட்காதவர்கள் நாம்தாம். எனவே பழியில் பாதி நம்முடையது.

இந்தப் பருவத்தில் கடிதம் எழுதும் பாடத்துக்கு வழக்கமான விண்ணப்ப மாதிரிகளை விட்டுவிட்டு, மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் அறிவிப்புகளையே எடுத்துக்கொள்ளப் போகிறோம். யார், யாருக்கு, எப்போதைக்குள், தவறென்றால் எவரிடம் என்கிற நான்கு கேள்விகளுக்கும் விடை இல்லாத தாளைத் திருத்தி எழுதி, அனுப்பிய அலுவலகத்துக்கே மாணவர்கள் திருப்பி அனுப்புவார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் எழுதியவரின் பெயர் இருக்கும்.

பாட்டி புது வரியைக் கட்டிவிட்டார். சாளைக்கும் சேர்த்து.